அச்சக வீட்டுப் பழைய படங்கள்: பெயரும் காலமும் கண்டு பாதுகாப்பது எப்படி?

பத்திரிகை நடத்திய குடும்பம் ஒன்றின் பழைய புகைப்படங்கள் உங்கள் கைக்கு வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு தகரப் பெட்டி, கறுப்புக் கடதாசி அல்பம் இரண்டு, சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிச் சட்டப் படங்கள், ரப்பர் வளையம் இறுகி ஒட்டிப்போன ஒரு கட்டு. புதிதாக இந்த வேலையைத் தொடங்குபவர்கள் எந்த ஸ்கானர் வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி இரண்டு கிழமை பொறுக்கும். படத்தில் இருப்பவர்களை நேரில் கண்ட கடைசி ஆளுக்கு இன்று எண்பது, தொண்ணூறு வயது. அதற்குப் பொறுத்திருக்க நேரமில்லை. இந்த வழிகாட்டியில் பெயர் கண்டுபிடிக்கும் வேலை முக்கால்வாசி இடத்தைப் பிடித்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனால் கையில் ஒன்றும் நிற்காது. ஆகவே யாழ்ப்பாணத்து உதாரணம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். குரும்பசிட்டி நா. பொன்னையா பர்மாவுக்குப் போய்த் திரும்பியவர். சுன்னாகத்தில் புத்தகசாலையும் ‘திருமகள் அழுத்தகம்’ என்ற அச்சகமும் நடத்தினார். 1930 ஜூன் 22 அன்று ‘ஈழகேசரி’ வார இதழைத் தொடங்கினார். தொல்காப்பியத்தை இலக்கண அறிஞர் கணேசையரின் உரைவிளக்கக் குறிப்புகளோடு அதே அச்சகத்திலிருந்து பகுதி பகுதியாக வெளியிட்டார். எழுத்ததிகாரம் 1937, சொல்லதிகாரம் 1938. 1951இல் பொன்னையா மறைந்த பிறகும் 1958 வரை பத்திரிகை வந்தது. ஒரு கிராமத்துக் குடும்பமும், அதன் அயலில் இருந்து அச்சுக்கோக்க வந்த இளைஞர்களும், கதை எழுத வந்த பள்ளி ஆசிரியர்களும், பழைய ஏடுகளோடு வந்த பண்டிதர்களும் ஒரே கூரைக்குக் கீழ் கூடிய இடம் அது. இப்படியொரு வீட்டுப் படப் பெட்டி, அந்த வட்டாரம் முழுவதினதும் படப் பெட்டி.

முதலில்: கலைக்காதீர்கள்

பெட்டியைத் திறந்த உடனே படங்களை வகை பிரித்து அடுக்கத் தோன்றும். வேண்டாம். பெட்டி இருந்த நிலையிலேயே மேலிருந்து கைத்தொலைபேசியால் ஒரு படம் எடுங்கள். பிறகு ஒவ்வொரு கட்டையும், ஒவ்வொரு உறையையும், அல்பத்தின் ஒவ்வொரு முழுப் பக்கத்தையும் எடுங்கள். எந்தப் படம் எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதே ஒரு தகவல். பெயரில்லாத ஒரு கலியாணப் படம், பெயரெழுதிய இன்னொரு கலியாணப் படத்தோடு ஒரே உறைக்குள் இருந்தால், இரண்டும் ஒரே நாளாக இருக்க வாய்ப்புண்டு. பிரித்து அடுக்கிவிட்டால் அந்தத் துப்பு போய்விடும்.

அல்பத்தில் பசையோடு ஒட்டியிருப்பதைப் பிடுங்காதீர்கள். சட்டத்துக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தையும் உரிக்காதீர்கள். உரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். அப்படியே கண்ணாடிக்கு மேலாகவே பிரதி எடுக்கலாம். கைகளைக் கழுவித் துடைத்துவிட்டு விளிம்பில் மட்டும் பிடியுங்கள். எண் போட வேண்டுமென்றால் மென்மையான பென்சிலால் பின்பக்க மூலையில், அழுத்தாமல். குமிழ்முனைப் பேனா கூடவே கூடாது. செலோரேப்பும் லமினேற்றிங்கும் பழைய படத்துக்கு எமன்.

பின்பக்கம்தான் முதல் பக்கம்

ஒவ்வொரு படத்தையும் திருப்பிப் பாருங்கள். சாதாரண வீட்டுப் படத்துக்கும் பத்திரிகை வீட்டுப் படத்துக்கும் உள்ள வேறுபாடு பின்பக்கத்தில்தான் தெரியும்.

அச்சுக்குப் போய் வந்த படத்தின் பின்னால் பென்சிலில் அளவு எழுதியிருப்பார்கள்: இத்தனை கொலம் (பத்திரிகைப் பத்தி) அகலம், இத்தனை அங்குலம் என்று. சிவப்பு மெழுகுப் பென்சில் கோடு இருந்தால், படத்தில் எந்தப் பகுதியை மட்டும் போடுவது என்று ஆசிரியர் குறித்தது அது. முன்பக்கத்தில் தோளைச் சுற்றியோ தலைமுடி ஓரத்திலோ வெள்ளை மை பூசியிருக்கலாம். பின்னணி கலங்கலாக இருந்தால் முகம் அச்சில் தெரியாது என்பதற்காகத் தூரிகையால் செய்த வேலை அது. அழுக்கென்று நினைத்துத் துடைத்துவிடாதீர்கள். இந்த அடையாளங்களில் ஒன்று இருந்தாலும் அந்தப் படம் பத்திரிகையில் வந்திருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு தேடலாம். பத்திரிகையில் வந்திருந்தால் அதற்கு ஒரு நாளும் ஒரு விளக்கக் குறிப்பும் இருக்கும்.

ஸ்ரூடியோ முத்திரையைக் கவனியுங்கள். முகவரியில் ‘சிலோன்’ என்று இருந்தால் பெரும்பாலும் 1972 மே மாதத்துக்கு முந்தியது. அப்போதுதான் நாட்டின் பெயர் சிறீலங்கா ஆனது. ஆனால் பழைய ரப்பர் முத்திரையை ஸ்ரூடியோக்காரர் சில வருடம் தொடர்ந்து குத்தியிருக்கலாம் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். படமே தபாலட்டையாக அச்சிடப்பட்டு அஞ்சலில் போயிருந்தால் இன்னும் நல்லது: தபால் முத்திரையில் ஐந்தாம் ஜோர்ஜ் என்றால் பெரும்பாலும் முப்பதுகளின் நடுப்பகுதி வரை, ஆறாம் ஜோர்ஜ் என்றால் அதற்குப் பின்.

கையெழுத்தில் தமிழ் வருடப் பெயர் இருந்தால் அதைவிடச் சிறந்த சான்று இல்லை. ‘விய வருடம் ஆவணி’ என்றிருந்தால் 1946 ஓகஸ்ற் நடுப்பகுதியிலிருந்து செப்ரெம்பர் நடுப்பகுதி வரை. ஆனால் ‘விய வருடம் தை’ என்றிருந்தால் அது 1947 ஜனவரியில் தொடங்கும். தமிழ் வருடம் சித்திரையில் பிறப்பதால் தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த ஆங்கில வருடத்துக்குப் போய்விடும். புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். அறுபது வருடச் சுற்று என்பதால் விய 1886இலும் வந்தது, 2006இலும் வந்தது. ஆனால் அறுபது வருட வித்தியாசத்தை உடுப்பும் கடதாசியும் காட்டிக்கொடுத்துவிடும்.

படத்துக்குள் தேடுவது

ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி வாங்குங்கள். முகங்களைப் பார்க்கும் முன் மூலைகளைப் பாருங்கள்: சுவர் நாட்காட்டி, மேசையில் கிடக்கும் பத்திரிகைத் தாள், கதவுக்கு மேலே தொங்கும் சட்டப்படம்.

அந்தச் சட்டப்படம் அச்சக வீடுகளில் பெரிய உதவி. அலுவலகச் சுவரில் நிறுவனரின் உருவப்படம் மாலையும் பொட்டுமாகத் தொங்கினால் அவர் இறந்தபின் எடுத்த படம். ஈழகேசரியைப் பொறுத்தவரை 1951க்கும் 1958க்கும் இடையில் என்று ஒரேயடியாக ஏழு வருடத்துக்குள் கொண்டுவந்துவிடலாம். பொன்னையா தானே கதிரையில் இருந்தால் 1951க்கு முன்.

வெளியில் எடுத்த படங்களுக்கு யாழ்ப்பாணத்தில் உறுதியான சில எல்லைக் கற்கள் உண்டு. சுன்னாகத்தைத் தாண்டிப் போகும் காங்கேசன்துறைப் புகையிரதப் பாதை 1902இல் திறக்கப்பட்டது. 1905இல் கொழும்போடு இணைந்தது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கியது. யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் குவிமாடம் தெரிந்தால் ஐம்பதுகளின் பிற்பகுதி அல்லது அதற்குப் பின். கட்டடம் திறக்கப்பட்டது 1959இல். பஸ்ஸின் பக்கத்தில் தனியார் கம்பனியின் பெயர் இருந்தால் 1958க்கு முன். அந்த வருடம் ஜனவரி முதலாம் திகதி பஸ் சேவை முழுவதும் இலங்கைப் போக்குவரத்துச் சபைக்குப் போனது. வாகன இலக்கத் தகட்டில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து இருந்தால் 1957 அல்லது அதற்குப் பின். அந்த எழுத்துக்கு எதிராகத் தார் பூசிப் போராடிய காலம் ஆகையால், தார் பூசிய தகடு ஒன்று கண்ணில் பட்டால் அந்தப் படத்தைத் தனியே எடுத்து வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. புகழ்பெற்ற மனிதர் நிற்கும் படங்களுக்கு வீட்டில் கதை கட்டிவிடுவார்கள், வேண்டுமென்றே அல்ல, ஆசையினால். மகாத்மா காந்தி யாழ்ப்பாணம் வந்தது 1927 நவம்பரில். ஈழகேசரி பிறந்தது 1930இல். ஆகவே ‘காந்தி ஈழகேசரி அலுவலகத்துக்கு வந்தபோது’ என்று ஒரு படத்தின் பின்னால் எழுதியிருந்தால் அது நடந்திருக்க முடியாது. இப்படிப்பட்ட குறிப்பை அழிக்க வேண்டாம். அதன் கீழ் உங்கள் காரணத்தைப் பதிவேட்டில் எழுதுங்கள். யார் எப்போது அப்படி நம்பினார்கள் என்பதும் அந்த வீட்டின் வரலாறுதான்.

படம் இடவலமாக மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். நெகற்றிவைப் புரட்டி வைத்து அச்சடித்தால் மாறிவிடும். சேலைத் தலைப்பு எல்லாருக்கும் வலது தோளில், சேட்டுப் பைகள் எல்லாம் வலது மார்பில் என்றால் படம் புரண்டிருக்கிறது. இதைத் திருத்தாமல் ‘இடமிருந்து வலம்’ என்று பெயர் எழுதினால் அத்தனை பேரும் மாறிப்போவார்கள்.

பத்திரிகையோடு பொருத்துவது

இந்த வசதி மற்றக் குடும்பங்களுக்கு இல்லை. பத்திரிகைக் குடும்பத்துக்குத் தங்கள் வீட்டு வாழ்க்கையின் பாதி அச்சிலேயே கிடக்கிறது. கலியாணம், பரீட்சைச் சித்தி, பிரியாவிடை, இரங்கல் எல்லாமே ஏதாவதொரு இதழில் வந்திருக்கும். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணைய மின்னூலகத்தில் ஈழகேசரி இதழ்கள் கணிசமாக எண்ணிமப்படுத்தப்பட்டிருக்கின்றன. எங்கிருந்தும் இலவசமாகப் பார்க்கலாம். கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய பத்திரிகைத் தொகுப்புகள் உண்டு. வேறு பத்திரிகை என்றாலும் முதலில் இந்த இரண்டு இடங்களில் தொடங்குங்கள்.

தேடும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் ஒரு படத்தைப் பத்திரிகையில் போடுவது செலவுள்ள வேலை. புகைப்படத்தைப் புள்ளிகளாக மாற்றி துத்தநாகத் தகட்டில் செதுக்கி, மரக்கட்டையில் பொருத்தி, புளொக் செய்ய வேண்டும். செய்த புளொக்கை எறிய மாட்டார்கள். பத்து வருடம் கழித்து அதே ஆளைப் பற்றிச் செய்தி வந்தால் பழைய புளொக்கையே மறுபடி எடுத்துப் போடுவார்கள். ஆகவே ஒரு முகம் 1948 இதழில் வந்தது என்பதால் அந்தப் படம் 1948இல் எடுக்கப்பட்டது என்று ஆகாது. அதற்குப் பிந்தியதல்ல என்றுதான் ஆகும். பதிவேட்டில் ‘எடுத்த நாள்’, ‘அச்சில் வந்த நாள்’ இரண்டுக்கும் தனித்தனி இடம் வையுங்கள். வீட்டுப் பரணில் இப்படிப்பட்ட மரக்கட்டைப் புளொக்குகள் கிடந்தால் அவற்றையும் படமாகவே எண்ணிச் சேருங்கள். எத்தனையோ வீடுகளில் அவை பழைய உலோக விலைக்குப் போய்விட்டன.

பத்திரிகைக் குழுப்படத்தின் விளக்கக் குறிப்பு பெரும்பாலும் ஒரே வடிவில் இருக்கும்: ‘இருப்பவர்கள் இடமிருந்து வலம்’, அடுத்து ‘நிற்பவர்கள் முதல் வரிசை’, ‘நிற்பவர்கள் பின் வரிசை’. கதிரையில் இருக்கும் முதலாளி, ஆசிரியர், முகாமையாளர், வந்த விருந்தினர் பெயர்கள் பட்டத்தோடு முழுமையாக இருக்கும். பின்வரிசைக்குப் போகப் போகத் தலைப்பெழுத்து மட்டும். முன்னால் நிலத்தில் சம்மணமிட்டு இருக்கும் பையன்களுக்குப் பெயரே இல்லாமல் போகலாம். அவர்கள்தான் எழுத்துப் பெட்டியைத் துடைத்தவர்கள், மை போட்டவர்கள், வெள்ளிக்கிழமை கட்டுக் கட்டாகப் பத்திரிகையைப் புகையிரத நிலையத்துக்குச் சுமந்தவர்கள் என்று அயலில் கேட்டால் தெரியவரும். அந்த வரிசையின் பெயர்களைக் கண்டுபிடிப்பதைத்தான் இந்த வேலையின் நடுநாயகமாக நான் கருதுகிறேன். முதலாளியின் பெயர் எப்படியும் நிலைக்கும். நூல்களின் முகப்பிலேயே இருக்கிறது.

ஒரே ஆள் வெவ்வேறு பத்திரிகைகளில் வேலை செய்திருப்பதையும் மறக்க வேண்டாம். ஈழகேசரியின் ஆசிரியராக இருந்த இராஜ அரியரத்தினம், 1959இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ‘ஈழநாடு’ பத்திரிகைக்கு ஆசிரியரானார். ஆசிரியர் முகம் தெரிகிறது என்பதற்காக அலுவலகத்தின் பெயரை ஊகித்து எழுதிவிடக் கூடாது.

சிதறியதைத் தேடுவது

1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஈழநாடு அலுவலகமும் எரிக்கப்பட்டது. 1990இல் போரினால் குரும்பசிட்டி உட்பட வலிகாமம் வடக்கு மக்கள் உடுத்த உடுப்போடு வெளியேறினார்கள். ஊர் பல வருடம் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது. 1995 ஒக்ரோபர் 30 அன்று யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் பகுதி முழுவதுமே இடம்பெயர்ந்தது. அவ்வளவையும் தாண்டி ஒரு படம் பிழைத்திருக்கிறது என்றால், பெரும்பாலும் அது அதற்கு முன்பே ஊரைவிட்டு வெளியே போயிருக்கிறது: கொழும்பில் வேலை பார்த்த மகனோடு, மலாயாவுக்குப் போன மைத்துனருக்குக் கடிதத்தோடு, பிறகு ரொறன்ரோவுக்கோ லண்டனுக்கோ போன பேரப்பிள்ளையின் பயணப் பெட்டியில்.

ஆகவே முதலாளி குடும்பத்தோடு நிற்காதீர்கள். குழுப்படம் எடுத்தால் அதில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பிரதி வாங்குவார்கள். வீட்டுப் பிரதியின் பின்பக்கம் வெறுமையாக இருக்க, அச்சுக்கோத்தவரின் மகள் வைத்திருக்கும் பிரதியில் எல்லாப் பெயரும் எழுதியிருக்கும். தொழிலாளிக்கு அந்தப் படம் வாழ்நாளில் எடுத்த இரண்டு மூன்று படங்களில் ஒன்று. அவர் எழுதி வைப்பார்.

இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு வெளியிடும் நினைவு மலர்களையும் சேகரியுங்கள். யாழ்ப்பாணத்தார் கல்வெட்டு என்று சொல்லும் அந்தச் சிறு நூல்களில் தேவாரமும் நன்றி நவிலலும் மட்டும் இல்லை. வம்சாவழி விளக்கப்படம், பிறந்த இடம், தொழில், மருமக்கள் பெயர், இளமைக்காலப் படம் எல்லாம் இருக்கும். பள்ளிக்கூட மலர்கள், கோயில் கும்பாபிஷேக மலர்கள், வெளிநாட்டு ஊர்ச் சங்கங்களின் ஆண்டு மலர்கள் அடுத்த இடம்.

முதியவர்களிடம் கேட்பது

மூலப் படத்தைக் கொண்டுபோக வேண்டாம். முகங்கள் நன்றாகத் தெரியும்படி பெரிதாக அச்சிட்ட பிரதியைக் கொண்டுபோங்கள். ரப்லெற்றில் காட்டினால் விரல் பட்டுப் படம் ஓடிவிடும்; முதியவர் பதறிப்போவார். பிரதியின் மேல் மெல்லிய ஊடுகாட்டித் தாளை வைத்து ஒவ்வொரு தலைக்கும் ஒரு எண் போட்டுக்கொள்ளுங்கள். பேச்சை ஒலிப்பதிவு செய்ய முன்கூட்டியே கேளுங்கள்.

‘இது ஆர்?’ என்று நேரே கேட்டால் ‘தெரியேல்லையே பிள்ளை’ என்றுதான் பதில் வரும். பொருளில் தொடங்குங்கள். அச்சக ஊழியர் படமொன்றோடு ஒரு முதியவரிடம் போயிருந்தேன். ஒரு முகமும் பிடிபடவில்லை. ஓரத்தில் பாதி தெரிந்த ட்றெடில் யந்திரத்தைக் காட்டி, ‘அப்பு, இதைக் காலாலை மிதிச்சது ஆர்?’ என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மிதித்தவர் பெயர், தாள் கொடுத்தவர் பெயர், அடித்த தாளை வாங்கி அடுக்கின பையனின் வீட்டுப் பெயர் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். பிறகு படத்தைத் தானே இழுத்து விரலால் தொட்டுக் காட்டினார். யந்திரம், சைக்கிள், கிணறு, மாமரம், கோயில் வீதி: இவற்றைப் பற்றிக் கேளுங்கள். ஆட்கள் தாமாக வருவார்கள்.

பட்டப்பெயர், வீட்டுப் பெயர், ‘இன்னாரின் மருமகன்’ என்று எப்படிச் சொன்னாரோ அப்படியே எழுதுங்கள். ஒருவர் சொன்ன பெயரை இன்னொருவரிடம் முதலில் சொல்லிவிடாதீர்கள், மரியாதைக்காக ஆமோதித்துவிடுவார். இரண்டு பேர் இரண்டு பெயர் சொன்னால் இரண்டையும் வையுங்கள். சொன்னவர் யார், எந்த நாள் என்பதும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பிரதி எடுப்பது

இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். தட்டை ஸ்கானர், 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி). கடவுச்சீட்டு அளவுப் படங்களுக்கு 1200. நெகற்றிவுக்கு 2400 அல்லது மேல், அதற்குரிய ஒளி மூடியோடு. கறுப்புவெள்ளை என்றாலும் வண்ண முறையிலேயே எடுங்கள். பழுப்பும் மெழுகுப் பென்சில் சிவப்பும் பதிவாக வேண்டும். டிஃப் கோப்பாகச் சேமித்து, பகிர்வதற்கு ஜேபெக் பிரதி எடுங்கள். முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் ஒரே எண்ணில். கைத்தொலைபேசி மட்டும்தான் என்றால் ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், படத்துக்கு நேர் மேலே பிடித்து எடுங்கள். இல்லாததைவிட அது எவ்வளவோ மேல். கீறலை மறைத்து முகத்தைத் துலக்கும் செயலிகளை மூலக்கோப்பில் பயன்படுத்தாதீர்கள். செயற்கை நுண்ணறிவு ‘திருத்திய’ முகம் வேறொருவரின் முகம். பேரப்பிள்ளைகள் அதையே பாட்டன் என்று நம்பிவிடுவார்கள்.

கண்ணாடி நெகற்றிவ் கிடைத்தால் மங்கலான பக்கத்தைத் தொடாதீர்கள், நிமிர்த்தி வைத்துச் சேமியுங்கள். பிலிம் நெகற்றிவில் வினாகிரி மணம் வந்தால் அதை மற்றவற்றிலிருந்து பிரித்து, முதலில் அதைப் பிரதி எடுங்கள். அழிவு தொடங்கிவிட்டது என்பதற்கு அறிகுறி அது.

மூலப் படங்களை அமிலமற்ற கடதாசி உறையில், வெளிச்சுவரில் ஒட்டாத அலுமாரியில், நிலத்திலிருந்து உயர்த்தி வையுங்கள். மாரிகாலத்தில் ஈரமும் கறையானும்தான் பெரிய எதிரிகள். சிலிக்கா பொட்டலங்களை மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

வெளியிடும் முன்

படம் உங்கள் கையில் இருப்பதால் அதை வெளியிடும் உரிமையும் உங்களுடையது என்று ஆகாது. குடும்பத்திடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பூப்புனித நீராட்டு விழாப் படங்களை, அந்தப் பெண்மணி சம்மதித்தாலன்றிப் பொதுவில் போட வேண்டாம். சவப்பெட்டியைச் சுற்றி உறவினர் நிற்கும் செத்தவீட்டுப் படங்கள் யாழ்ப்பாண வீடுகளில் நிறைய உண்டு. குடும்பத்தார் அத்தனை பேரும் ஒரே இடத்தில் நிற்கும் படம் பல நேரம் அது ஒன்றுதான். ஆகவே பிரதி எடுங்கள், பெயர் எழுதுங்கள், வெளியிடுவதைக் குடும்பத்திடம் விடுங்கள். போர்க்காலப் படங்களில் இருப்பவர்களின் பெயரைப் பொதுவில் போடும் முன் அவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் ஏதும் இடைஞ்சல் வருமா என்று விசாரியுங்கள்.

ஒரு பிரதி குடும்பத்துக்கு, ஒரு பிரதி வேறு நாட்டில் இருக்கும் உறவினரின் வன்தட்டுக்கு, ஒரு பிரதி நிறுவனத்துக்கு. அதே மின்னூலகத்தை நடத்தும் நூலக நிறுவனத்தின் ‘ஆவணகம்’ புகைப்படங்களையும் ஒலிப்பதிவுகளையும் விவரங்களோடு காக்கிறது. கொடுக்கும்போது பதிவேட்டையும் முதியவர் பேசிய ஒலிப்பதிவையும் சேர்த்தே கொடுங்கள்.

பெயர் கிடைக்காதவர்கள் கட்டாயம் மிஞ்சுவார்கள். அவர்களின் முகங்களை மட்டும் பெரிதாக வெட்டி, எண் போட்டு, ஒரு தாளில் அச்சிட்டு, அடுத்த கோயில் திருவிழாவுக்கோ ஊர்ச் சங்க ஒன்றுகூடலுக்கோ கொண்டுபோய் வாசலுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். ஒரு பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். மாலையில் தாளைக் கழற்றும்போது, யார் எழுதினார்கள் என்று பக்கத்தில் நின்றவர்களிடம் கேட்டு அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.